பினாங்குக்குப் போய் வந்தால் மட்டும் போதுமா?

 

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், "இந்தத் தடவை எங்கே போகலாம்?" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு எழும். பெரும்பாலும் பதில் ஒன்றுதான். "பினாங்கு!" பேருந்து ஒன்றைப் பேசி, ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று பணம் சேர்த்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, கோழி கூவும் முன்னே புறப்படுகிறோம். இரவு திரும்பும்போது கையில் ஜாதிக்காய் ஊறுகாய் இருக்கும், பை நிறைய ரொட்டி இருக்கும், கைப்பேசி நிறையப் படங்கள் இருக்கும்.

மறுநாள் பிள்ளையைக் கூப்பிட்டு, "என்னப்பா பாத்தே?" என்று கேட்டுப் பாருங்கள். "கடல்ல குளிச்சேன் சார், மலை ரயில்ல போனேன், குரங்கு என் ரொட்டியைப் பிடுங்கிக்கிட்டுப் போயிருச்சு" என்பான். சந்தோஷம்தான். பிள்ளைகள் ஓடியாடி மகிழத்தானே விடுமுறை! ஆனால் அந்தத் தீவு நம் இனத்தாருக்கு வெறும் உல்லாசத் தலமா? நம்மில் பலருடைய பாட்டனும் பூட்டனும் இந்த மலைநாட்டு மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் அல்லவா அது? ஆகவே, பினாங்கின் காட்சிகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும்போது அவற்றின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கலாம், வாருங்கள்.

கடல் வழியே போவோம்

தீவுக்குப் போக இன்று இரண்டு பாலங்கள் உள்ளன. 1985இல் திறக்கப்பட்ட முதல் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர். 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். இவை வருவதற்கு முன் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறித்தான் அக்கரை போக வேண்டும். 1925 முதல் மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச் சென்றது அந்த ஃபெரி. அடித்தட்டில் வண்டிகளும் மேல்தட்டில் ஆட்களுமாகப் போன பழைய ஃபெரிகள் 2020ஆம் ஆண்டு முடிவோடு ஓய்வு பெற்றன. 2023இல் புதிய ஃபெரிகள் வந்துள்ளன.

என்னைக் கேட்டால், போகும்போது ஃபெரியில் போங்கள், திரும்பும்போது பாலத்தில் வாருங்கள் என்பேன். காரணம் இருக்கிறது. ஜார்ஜ்டவுன் நகரம் கடலைப் பார்த்து எழுந்த நகரம். அதன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் கடலிலிருந்துதான் பார்க்க வேண்டும். முன்னே கட்டடங்களின் வெள்ளைத் தூண்கள், பின்னே 1986இல் எழுந்த 65 மாடி கொம்தார், அதற்கும் பின்னே பச்சை மலை. நாகப்பட்டினத்திலிருந்து ஐந்தாறு நாள் கப்பலில் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்துவிட்டு, தலையைத் தூக்கிய நம் முன்னோர் கண்ணிலும் அந்த மலைதான் முதலில் பட்டிருக்கும்.

கோட்டையும் ஒரு மீறிய வாக்கும்

கரை இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை. பினாங்கின் நவீன வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

18ஆம் நூற்றாண்டில் இத்தீவு கெடா சுல்தானுக்குச் சொந்தமாக இருந்தது. சுல்தான் அப்துல்லாவுக்குச் சயாம் நாட்டுப் படையைப் பற்றிய அச்சம் இருந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ சீனா போகும் கப்பல்கள் தங்கிச் செல்ல ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. இவ்விரு தேவைகளுக்கும் நடுவே நின்றவன் பிரான்சிஸ் லைட் என்னும் கப்பல் வணிகன். சயாம் தாக்கினால் கம்பெனிப் படை உதவிக்கு வரும் என்பது சுல்தானின் நம்பிக்கை. 1786 ஜூலை 17ஆம் நாள் லைட் கரையிறங்கினான். ஆகஸ்டு 11ஆம் நாள் கொடியேற்றி, தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று பெயர் சூட்டினான். நகரம் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் ஜார்ஜ்டவுன் ஆயிற்று.

ஆனால் கம்பெனி படை உதவி தர மறுத்துவிட்டது. ஏமாந்த சுல்தான் 1791இல் தீவை மீட்கப் பிறை முனையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்க, சுல்தான் படை தோற்றது. ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி வாங்கிக்கொண்டு தீவை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் அவர் கையொப்பமிட நேர்ந்தது. 1800இல் அக்கரை நிலமும் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்து, தொகை 10,000 ஆயிற்று. 1821இல் சுல்தான் குடும்பம் அஞ்சியது நடந்தே விட்டது. சயாம் கெடாவைப் பிடித்தது. வாக்குக் கொடுப்பது எளிது, காப்பாற்றுவதுதானே அரிது!

லைட் முதலில் போட்டது நீபோங் மரங்களை நட்டு அடைத்த வேலிக் கோட்டைதான். செங்கல் கோட்டை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. வேடிக்கை என்னவென்றால், இத்தனை பாடுபட்டுக் கட்டிய கோட்டையில் ஒரு போர்கூட நடந்ததில்லை. சுற்றியிருந்த அகழியையும் மலேரியாக் காய்ச்சலுக்குப் பயந்து 1920களில் மூடிவிட்டார்கள். உள்ளே 'ஸ்ரீ ரம்பை' என்ற பெரிய பீரங்கி இருக்கிறது. 1603ஆம் ஆண்டு பொறித்த டச்சுக்காரர் பீரங்கி. ஜொகூர், அச்சே, சிலாங்கூர் என்று பல கைகள் மாறிக் கடைசியில் ஆங்கிலேயரிடம் வந்தது. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைப்பது வழக்கம். உயிர் எடுக்கச் செய்த பொருளிடம் உயிர் கேட்கிறார்கள் பாருங்கள்!

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போனேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் சுவரைத் தடவிக்கொண்டே, "சார், இதைக் கட்டுனவங்க பேரு எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டான். லைட்டின் பெயர் இருக்கிறது, கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயர் இருக்கிறது. பையன் கேட்டது அந்தப் பெயர்களை அல்ல. மண் சுமந்தவர் பெயரை. தோட்டத்துப் பிள்ளை அல்லவா! அவன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தக் கட்டுரையை மேலே கொண்டுபோக முடியாது.

கைதிகளாக வந்தவர்கள்

பினாங்கின் பழைய சாலைகளை வெட்டியவர்களும், சதுப்பு நிலத்தைத் தூர்த்தவர்களும், அரசாங்கக் கட்டடங்களுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களும் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலிருந்தே அவர்களைக் கம்பெனி இங்கே கொண்டுவந்து இறக்கியது. கோட்டைச் சுவரில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. 1818இல் கட்டி முடிந்த செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்திலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. தென்கிழக்காசியாவிலேயே மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம் இதுவே.

கைதி என்றதும் திருடன், கொலைகாரன் என்று நினைத்துவிடாதீர்கள். சிவகங்கைச் சீமையில் வெள்ளையரை எதிர்த்து நின்ற மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மேடையேறி அந்தக் கதையை நாடகமாக நடிக்கிறோம். தூக்குக் கயிற்றோடு திரையும் விழுந்துவிடுகிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. போராட்டத்தில் மிஞ்சிய எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி நாடுகடத்தினார்கள். எங்கே தெரியுமா? இதே பினாங்குக்குத்தான்! சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையத் தேவரும் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவர். அவருக்கு அப்போது வயது சுமார் 15. இன்று மூன்றாம் படிவம் படிக்கும் பையனின் வயது!

சின்ன மருதுவோடு போருக்கு முன் பழகி, அவரிடம் ஈட்டி எறியக் கற்றவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி. அவர் 1818இல் பினாங்குக்கு வந்தபோது துரைசாமியைப் பார்த்திருக்கிறார். முப்பது வயதைக் கடந்திருந்த அந்த மனிதர், கிழவரைப் போல உருக்குலைந்து நின்றாராம். 1830இல் வெளிவந்த தம்முடைய நினைவு நூலில் வெல்ஷ் இதை வேதனையோடு எழுதியிருக்கிறார். எதிரி எழுதி வைத்ததால் இந்த ஒரு பெயராவது நமக்குத் தெரிகிறது.

சுல்தான் அகமது ஷா சாலையில் பழைய புரொட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கெம்போஜா மரங்கள் பூ உதிர்த்துக்கொண்டிருக்கும் அமைதியான இடம். 1794இல் மலேரியாவால் இறந்த பிரான்சிஸ் லைட் அங்கே உறங்குகிறான். கல்லில் பெயர் தெளிவாக இருக்கிறது. சாலை போட்ட கைதிகளின் பெயர் செதுக்கிய கல் எதையும் அந்த நகரில் நான் கண்டதில்லை. ஆகவே, பிள்ளைகளே, கோட்டைச் சுவரைத் தொடும்போது கொஞ்சம் மெல்லத் தொடுங்கள்.

கொடி இறக்கிய தமிழர்

கோட்டைக்கு அருகே மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. விக்டோரியா மகாராணி பட்டமேற்று 60 ஆண்டுகள் நிறைவடைந்ததை 1897இல் கொண்டாடியபோது, சியா சென் ஈயோக் என்ற சீனச் செல்வந்தர் கட்டித்தர முன்வந்தது. ஆண்டுக்கு ஓர் அடியாக உயரம் 60 அடி. கட்டி முடிந்தது 1902இல். மகாராணியோ 1901இலேயே காலமாகிவிட்டார்! உற்றுப் பார்த்தால் கூண்டு சற்றே சாய்ந்திருப்பது தெரியும். உலகப் போரில் அருகே விழுந்த குண்டின் அதிர்ச்சி அது.

அந்தப் போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, நகர மக்கள் குண்டுபோடும் என்று அறியாமல் தெருவில் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். கூட்டத்தின் மீதே குண்டு விழுந்தது. சில நாட்களில் வெள்ளையர் இரவோடு இரவாகக் கப்பலேறிவிட்டார்கள். உள்ளூர் மக்களுக்குச் சொல்லவும் இல்லை, அழைத்துப் போகவும் இல்லை. கோட்டையில் மட்டும் ஆங்கிலக் கொடி பறந்துகொண்டே இருந்தது. கொடி பறக்கும் வரை குண்டும் விழும் அல்லவா? அப்போது துணிந்து போய் அந்தக் கொடியை இறக்கியவர் 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் சரவணமுத்து. இலங்கைத் தமிழர். வெள்ளையர் நகரை விட்டுப் போய்விட்டனர் என்று வானொலி வழியாக ஜப்பானியருக்கு அறிவிக்கச் செய்தவரும் அவரே. டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் நகருக்குள் வந்தனர். எத்தனை உயிர்கள் அந்த ஒரு செயலால் தப்பின என்று யார் கணக்குப் போட முடியும்?

ஒரே தெருவில் நான்கு வழிபாடு

கோட்டையிலிருந்து மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலைக்கு வாருங்கள். பழைய பெயர் பிட் தெரு. ஒரு முனையில் நாம் முன்னே சொன்ன செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளி, ஊதுவத்திப் புகை மண்டும் சீனரின் கருணைத் தேவி ஆலயம். அதற்கடுத்து, குவீன் தெருவில் கோபுரம் காட்டி நிற்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். அதையும் தாண்டினால் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பத்து நிமிட நடையில் நான்கு சமயங்கள்! நம் நாட்டின் ஒற்றுமைக்குப் பாடப் புத்தகத்தில் படம் தேட வேண்டியதில்லை, இந்தத் தெருவே படம்.

பள்ளிவாசல் 1801இல் தொடங்கப்பட்டது. கட்ட முன்னின்றவர் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர். கம்பெனி அவரைத் தம் சமூகத்தின் 'கப்பித்தான்' ஆக ஏற்றிருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகரைச் 'சூலியா' என்றார்கள். அவர்கள் பெயரால்தான் இன்றும் சூலியா தெரு இருக்கிறது. லைட் 1794இல் எழுதிய குறிப்பின்படி சூலியர் ஆயிரம் பேர் அளவில் தீவில் குடியேறியிருந்தனர். பலர் அதற்கு முன்பே கெடாவில் வாழ்ந்தவர்கள். ஆக, லைட் வந்த பிறகு அவன் பின்னால் வந்தவர்கள் மட்டுமே நாம் என்று எண்ணுவது சரியன்று. அவனுக்கு முன்பே இந்தக் கடலை அறிந்தவர் நம்மவர். நாகூர் ஆண்டவர் பெயரால் ஒரு தர்காவும் அதே சூலியா தெருவோரம் சிறிதாக நிற்கிறது.

'கெலிங்' என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். கலிங்கம் என்ற பழைய நாட்டுப் பெயரிலிருந்து வந்த சொல் அது. நாளடைவில் வசைச்சொல்லாகத் திரிந்துவிட்டது. நம்மை அப்படி அழைப்பவரைத் திருத்துவோம். ஆனால் பள்ளிவாசலின் பெயரில் அது ஒரு தலைவரின் பட்டத்தைக் காட்டுகிறது என்பதையும் தெரிந்துகொள்வோம்.

மாரியம்மன் ஆலயம் 1833இல் கட்டப்பட்டது. பினாங்கிலுள்ள இந்து ஆலயங்களில் இதுவே மிகப் பழையது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் படகு தள்ளியவரும் கும்பிட்ட தாய் அவள். கோயிலைச் சுற்றி மார்க்கெட் தெருவும் பினாங்குத் தெருவும். பூக்கடை, பாத்திரக்கடை, மளிகைக்கடை, துணிக்கடை என்று நம் ஊர் வாசனைதான். பினாங்குத் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. சிறிய மேசை, ஒரு பெட்டகம், தரையில் பாய். அங்கே அமர்ந்தபடி தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் வட்டிக்குப் பணம் கொடுத்தார்கள்.

பசித்தால் நாசி கண்டார் சாப்பிடுங்கள். அதுவும் வரலாறுதான். 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் கறியுமாகத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சுமந்து போய்த் துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற சோறு, இன்று நாடு முழுவதும் எல்லா இனத்தாரும் வரிசையில் நின்று வாங்கும் உணவாகிவிட்டது.

தமிழ்க் கல்வியின் முதல் படி

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தவறாமல் பார்க்க வேண்டிய கட்டடம் ஒன்று உண்டு. ஃபார்க்குவார் தெருவில், தேவாலயத்துக்கு அருகே உள்ள மாநில அரும்பொருளகம். அது முன்பு பினாங் ஃபிரீ ஸ்கூலாக இருந்தது. 1816இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் முயற்சியால் தொடங்கிய அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பும் இருந்தது. அந்த வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. என்றாலும், இந்நாட்டில் தமிழ்க் கல்விக்குப் போட்ட முதல் விதை என்று அதையே கொள்கிறோம். 2016இல் நாடெங்கும் தமிழ்க் கல்வியின் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோமே, அந்தக் கணக்கு இங்கிருந்து தொடங்குவதுதான்.

பத்திரிகைத் துறையிலும் பினாங்கு பின்தங்கவில்லை. நாகூர் குலாம் காதிறு நாவலர் 1880களில் 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் இதழை இங்கிருந்து நடத்தினார். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ராமசாமி மலாயாவுக்கு வந்தபோது கப்பலைவிட்டு இறங்கியதும் பினாங்கில்தான். நல்லது எதுவும் அந்தத் துறைமுகம் வழியாகத்தான் முதலில் உள்ளே வந்தது எனலாம்.

மலையும் தண்ணீர்மலையும்

இனி, பிள்ளைகளுக்குப் பிடித்த மலைக்குப் போவோம். பினாங்குக் கொடிமலைக்கு ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. முன்பு பாதி வழியில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டும், மேலே போய்ச் சேர அரை மணி ஆகும். 2011இல் வந்த புதிய ரயிலில் சில நிமிடங்களே. மேலே முருகன் கோயிலும் பள்ளிவாசலும் அக்கம்பக்கமாக உள்ளன.

மலையடிவாரத்தில் 1884இல் உருவான தாவரவியல் பூங்கா. பழைய கல்லுடைக்கும் குழியைத் தோட்டமாக்கியவர் சார்ல்ஸ் கர்டிஸ் என்பவர். அருவி இருப்பதால் அப்பகுதியை நம்மவர் 'தண்ணீர்மலை' என்றனர். அரசாங்கப் பலகையில் ஏறாத பெயர், ஆனால் தைப்பூசத்தன்று ஆயிரமாயிரம் வாய்களில் ஏறும் பெயர்! 1857இல் கட்டப்பட்ட நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் பினாங்குத் தெருவிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு வரும். அந்த ரதம் 1894இல் வந்தது. வழிநெடுகத் தேங்காய் உடைப்பவர்களில் சீனர்களும் உண்டு. 2012இல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலுக்கு 513 படிகள். முதியவர்கள் மெதுவாக ஏறுங்கள்.

ஆயர் ஈத்தாமில் உள்ள கெக் லோக் சி பௌத்த ஆலயத்தையும் விட்டுவிடாதீர்கள். 1930இல் முடிந்த அதன் கோபுரத்தில் அடிப்பகுதி சீனப் பாணி, நடுப்பகுதி தாய்லாந்துப் பாணி, முடி பர்மியப் பாணி. நேரம் இருந்தால் பாம்புக் கோயிலுக்கும் போகலாம். பத்து ஃபிரிங்கிக் கடற்கரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளே இழுத்துப் போய்விடுவார்கள்.

பாலத்திலிருந்து தெரியும் தீவு

மாலையில் பாலத்தின் வழியே திரும்பும்போது தெற்கே பாருங்கள். வலப்பக்கம், கரையை ஒட்டி ஒரு சிறு பச்சைத் தீவு. அதுதான் புலாவ் ஜெரெஜாக். பேருந்தில் பாட்டுச் சத்தத்தில் யாரும் கவனிப்பதில்லை. நம் வரலாற்றில் அதற்கு ஈடான இடம் வேறு இல்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பும், கப்பலில் வருவோரைத் தடுத்து வைத்துச் சோதிக்கும் முகாமும் அமைந்தன. கப்பலில் அம்மையோ காலராவோ கண்டுவிட்டால், ஊருக்குள் விடாமல் அங்கேதான் வைப்பார்கள். துணியைக் கொதிநீரில் போட்டு, உடம்பைச் சோதித்து, நாள் எண்ணி வெளியே விடுவார்கள். எதிரே நகரத்து விளக்கு தெரியும், போக முடியாது. ஊரிலும் இல்லை, வந்த நாட்டிலும் இல்லை. புருஷன் ஒரு கொட்டகை, பெண்டாட்டி ஒரு கொட்டகை என்று கிடந்தவர்கள் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! பிற்காலத்தில், 1969 முதல் 1993 வரை, அதே தீவு சிறைச்சாலையாகவும் இருந்தது.

நம் மக்கள் ஏன் வந்தார்கள்? முதலில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். அந்த ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. பிறகு ரப்பர் காலம். கங்காணி ஊருக்குப் போய்த் தன் சொந்தபந்தங்களைத் திரட்டி வந்தான். மாரியம்மன் கோயில் மரத்தடியில் நின்று, "அங்கே தேங்காய்க்கும் மாசிக்கும் பஞ்சமில்லை" என்று ஆசை காட்டியவர்களும் உண்டு. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்று வரும் தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்யும் வரை இது நடந்தது. சொந்தச் செலவில் போய்வந்தவர்களுக்கு 1926இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' கப்பல் இருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. 'ரஜூலாவில் வந்தேன்' என்று சொல்லும் தாத்தாவும் பாட்டியும் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். நாளை இருப்பார்களா?

கட்டடம் நிற்கிறது, மனிதர்?

2008 ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் உலகப் பாரம்பரிய நகரங்களாக யுனெஸ்கோ அறிவித்தது. பெருமைக்குரிய நாள். ஆனால் அதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டு முதல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டதால் வாடகை ஏறி, பல தலைமுறையாகக் குடியிருந்த குடும்பங்கள் பழைய நகரத்தை விட்டு வெளியேறின. சுவர்களில் இப்போது அழகான ஓவியங்கள் இருக்கின்றன. 2012இல் ஆர்மீனியன் தெருவில் எர்னஸ்ட் ஸக்காரெவிச் தீட்டிய சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னே எந்நேரமும் கூட்டம். சுவரில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் இருந்த பிள்ளைகள் எங்கோ அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள்.

தோட்டத்துப் பள்ளியில் பாடம் நடத்தும் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. நம் தோட்டங்களிலும் இதுதானே நடக்கிறது? ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு துண்டாடி வீடமைப்புக்கு விற்றார்கள். லயம் போயிற்று, பெரட்டு மணி போயிற்று. பல இடங்களில் கோயிலும் பள்ளிக்கூடமும் மட்டும் நிற்கின்றன. பட்டணத்துப் பழைய வீட்டைக் காக்க யுனெஸ்கோ வந்தது. நம் தோட்டத்துக் கதையைக் காக்க யார் வருவார்? நாமேதான் எழுதி வைக்க வேண்டும். கோட்டைச் சுவரில் பெயர் இல்லாமல் போனதே, அந்தக் குறை நம் பாட்டனுக்கும் நேர வேண்டுமா?

என்ன செய்யலாம்?

பெற்றோர்களே, அடுத்த விடுமுறையில் பினாங்கு போகுமுன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். வீட்டில் உள்ள முதியவர் அருகே பிள்ளையை உட்கார வையுங்கள். "தாத்தா, நம்ம வீட்டிலிருந்து முதல்ல யாரு கப்பல் ஏறுனாங்க? எந்த ஊரு? எந்தக் கங்காணி? முதல்ல எந்தத் தோட்டம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். சொல்லும் பதிலைத் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். பழைய பெட்டியில் கிடக்கும் சிவப்பு அடையாளக் கார்டு, கப்பல் சீட்டு, பிறந்த பத்திரம் எதையும் குப்பையில் போடாதீர்கள்.

மாணவர்களே, பையில் நொறுக்குத் தீனியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையில் ஒரு பக்கம், குவீன் தெருக் கோயிலில் ஒரு பக்கம், அரும்பொருளகத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். பாலத்தில் ஜெரெஜாக் தீவைக் கண்டதும் பேருந்தில் பாட்டை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆசிரிய நண்பர்களே, அப்படி எழுதி வந்த ஏடுகளைப் பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரியில் சேர்த்து வைப்போம். ஆண்டுக்கு இருபது குடும்பக் கதை சேர்ந்தாலும், பத்தாண்டில் இருநூறு. அடுத்த பரிசளிப்பு விழாவில் நல்ல மதிப்பெண்ணுக்குத் தரும் பரிசோடு, தன் குடும்பத்தின் கப்பல் கதையைச் சிறப்பாக எழுதி வந்த பிள்ளைக்கும் ஒரு பரிசு கொடுத்தால் என்ன? பெரிய செலவில்லை. ஒரு நல்ல புத்தகம் போதும். அதன் முதல் பக்கத்தில், பிள்ளையின் பெயரோடு அந்தப் பாட்டன் பாட்டியின் பெயரையும் எழுதிக் கொடுப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!